சிவப்பு ரிபன் கட்டிய ஆணி

வீட்டுக் கம்பியூட்டரில் விமானம் ஓட்டுகிற எங்கள் குழுவில் ஒன்பது பேர் இருக்கிறோம். மற்ற எட்டுப் பேரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள். புறப்படும் முன் நான் ஏன் கால் மணி நேரம் அசையாமல் நிற்கிறேன்? எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து பறக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், மற்றவர்கள் மட்டக்களப்பில் ஏறிக் கதிரவெளிக் கடற்கரைப் பக்கம் பாதி வழி போய்விட்ட பிறகும் என் விமானம் நின்ற இடத்திலேயே விளக்கை மினுக்கிக்கொண்டு நிற்கும். ஓட்டமாவடியில் துணிக்கடை வைத்திருக்கும் நஸீர், "என்ன குமார் அண்ணன், பெற்றோல் வரிசையில நிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

வரிசை இல்லை. என் மனைவி மலர் குசினியில் இருந்து வர வேண்டும். வந்து, ஒரு பழைய ஸ்க்ரூட்ரைவரில் கட்டிய சிவப்பு ரிபனை வாசலில் நின்று எனக்குத் தூக்கிக் காட்ட வேண்டும். அவள் காட்டாமல் நான் கிளம்புவதில்லை. கறி அடுப்பில் இருந்தால் விமானம் தாமதம். ஏன் இந்தக் கூத்து என்று குழு எழுதித் தரச் சொன்னது. எழுதுகிறேன். சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம், முதலில் சிரித்தவன் நான்தான்.

வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தேன். முதல் நான்கு வருடம் விமானத்தின் வயிற்றுக்குள் முழங்காலில் தவழ்ந்து பெட்டி அடுக்கினேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை; என் முழங்காலைக் கேட்டால் அது சொல்லும். அதற்குப் பிறகு ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டு, விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் வேலைக்கு மாற்றினார்கள். ஆக, பதினெட்டு வருடம் விமானங்களோடு பயணம் செய்தவன் நான். எல்லாம் பின்பக்கமாக, ஒவ்வொன்றும் ஐம்பது அறுபது யார் தூரம்.

பயணிகள் ஏறும் வாயிலில் மூக்கை வைத்து நிற்கும் விமானத்துக்குத் தானாகப் பின்னுக்கு வரும் வழக்கம் இல்லை. முன் சக்கரத்தில் ஒரு நீளமான இரும்புத் தண்டைப் பூட்டி, தட்டையான ஒரு வண்டியால் தள்ள வேண்டும். தள்ளும் நேரம் விமானியின் சுக்கான் அந்தச் சக்கரத்தைத் திருப்பிவிடக் கூடாது. திருப்பினால் தண்டு முறியும், பக்கத்தில் நடக்கிறவனின் காலும் முறியும். அதனால் சக்கரத்துக்கு மேலே உள்ள ஒரு துளையில் விரல் தடிப்பில் ஓர் ஆணியைச் செருகுவோம். அது உள்ளே இருக்கும்வரை சுக்கான் செத்ததற்குச் சமம். தள்ளி முடித்து, தண்டைக் கழற்றி, ஆணியையும் கழற்றி, விமானியின் கண்ணுக்குத் தெரியும் தூரம் நடந்து போய், அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். தூரத்தில் தெரிவதற்காக அதில் ஒரு முழச் சிவப்பு ரிபன் தொங்கும். விமானி கண்ணாடிக்குப் பின்னால் இருந்து கையசைப்பார். 'பார்த்தேன், இனி நான் போகலாம்' என்று அதற்கு அர்த்தம்.

அந்தக் கையசைப்பில் எனக்கு ஒரு போதை இருந்தது. முந்நூறு பேரைத் தூக்கிக்கொண்டு போகப் போகிற மனிதர், வியர்வையில் தோய்ந்து நிற்கும் நாவற்குடாக்காரன் ஒருவனுடைய அனுமதிக்குக் காத்திருக்கிறார். வீட்டில் யாரும் எனக்கு அப்படிக் காத்திருந்ததில்லை.

எங்கள் அணிக்குப் பொறுப்பாக இருந்தவர் ஏறாவூர் புஹாரி நானா. எஞ்சின் இரைச்சலில் மற்ற மேற்பார்வையாளர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். நானா கத்த மாட்டார். ஏலக்காயை மென்றுகொண்டு ஆற அமர நடந்து வந்து, நம் காதை மூடியிருக்கும் ஹெட்போனில் ஒரு பக்கத்தை இரண்டு விரலால் விலக்கி, இரகசியம் சொல்வது போலச் சொல்வார். அந்த இரண்டு விரல் காதுக்கு வந்தால் எதையோ திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஏலக்காய் வாசம் வந்தாலே எனக்கு இன்றைக்கும் ஏதோ பிழை விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. இதனால் எங்கள் வீட்டில் பாயாசம் வைப்பதில்லை.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. கழற்றிய ஆணி இடது கையில் இருக்க வேண்டும். பொக்கட்டுக்குள் போகவே கூடாது.

"கையில இரிந்தா கனக்கும் தம்பி. கனத்தாத்தான் ஞாபகம் இரிக்கும்" என்பார்.

நான் கெட்டிக்காரன் அல்லவா. ஆணி தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில், யாருக்கும் தெரியாமல் மேலங்கிப் பொக்கட்டுக்குள் மாற்று ஆணி ஒன்றை ரிபனோடு சுருட்டி வைத்திருந்தேன். அது அங்கே கிடக்கிறது என்ற நினைப்பே ஒரு காப்பு நூல் கட்டிய தைரியத்தைத் தந்தது.

ஒரு நாள் நடுப்பகல். தள்ளி முடித்தாயிற்று, ஆனால் தண்டின் பூட்டுக் கழலவில்லை. வண்டி ஓட்டிய நேபாளியும் நானும் உதைத்தோம், தட்டினோம், இரண்டு மொழியில் ஏசினோம். அடுத்த விமானம் வழிக்காகக் காத்து நிற்கிறது. ஒரு வழியாகப் பூட்டுக் கழன்றது. அந்தச் சந்தோசத்தில் ஹெட்போன் வயரைப் பிடுங்கிக்கொண்டு காட்டும் இடத்துக்கு ஓடினேன். நின்று பார்த்தால் இடது கையில் ஆணி இல்லை. பொக்கட்டைத் தொட்டேன். ரிபன் விரலில் பட்டது. அப்பாடா என்று இழுத்து எடுத்து, சாமிக்குக் குடை பிடிக்கிறவன் போல நெஞ்சை நிமிர்த்தித் தூக்கிக் காட்டினேன். விமானி கையசைத்தார்.

விமானம் நகர்ந்தது. இடது பக்கம் திரும்பிக் கிறுக வேண்டும். கிறுகவில்லை. நேரே போனது. கொஞ்சத் தூரம் போய் ஒரு குலுக்கலோடு நின்றது. அப்போதுதான் பார்த்தேன், முன் சக்கரத்துக்கு மேலே இன்னொரு சிவப்பு ரிபன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கழற்ற வேண்டிய ஆணி அங்கேயே இருந்தது. நான் காட்டியது பொக்கட்டு ஆணி.

அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நான் செய்தது இது: கையில் இருந்த ஆணியை இன்னும் உயரமாகத் தூக்கினேன். குதிக்காலை எக்கிக்கூடக் காட்டினேன். உயரமாகக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

இரண்டு விரல் வந்து ஹெட்போனை விலக்கியது. ஏலக்காய் வாசம்.

"கைய இறக்கு தம்பி."

இறக்கினேன்.

"எஞ்சின் ரெண்டும் ஓடுது. நான் முன்னுக்குப் போறன், நீ என்ட முதுகப் பாத்து வா. வேற எதையும் பாக்காத."

விமானியோடு வானொலியில் பேசி, பிரேக் போட்டாயிற்று என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அவர் முன்னால் நடந்தார். அந்த வியர்த்த முதுகையே பார்த்துக்கொண்டு நான் போனேன். ஆணியை அவர் கழற்றவில்லை, என்னையே கழற்ற வைத்தார். வயரைத் திரும்பச் செருகியதும் மேலிருந்து விமானியின் குரல் வந்தது. கோபம் இல்லை, களைத்த குரல். ஆங்கிலத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "இந்த முறை இரண்டையும் காட்டு."

இரண்டு கையிலும் இரண்டு ஆணியைத் தூக்கிக்கொண்டு, பொலிஸிடம் பிடிபட்ட கள்ளன் மாதிரி வெயிலில் நின்றேன். அவர் நின்று நிதானமாக எண்ணிப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். பிறகு கையசைத்தார்.

பின்னேரம் நானாவின் அறையில் நான்.

"எத்தின ஆணி வெச்சிரிந்த?"

"ரெண்டு நானா."

"ஏன்?"

"ஒண்டு துலைஞ்சா எண்டு பயத்தில."

"துலைஞ்சா தேடுறதுதானே. ஒண்டு வெச்சிரிக்கிறவன் தேடுவான். ரெண்டு வெச்சிரிக்கிறவனுக்குத் துலைஞ்சதே தெரியாது." அறிக்கைத் தாளில் என் பெயரை எழுதினார். அதற்குக் கீழே, 'இவரைப் பழக்கியவர்' என்று தன் பெயரையும் எழுதினார். "உனக்குப் பயம் இரிக்கி, அது நல்லம். அதக் கொண்டு போய்ப் பொக்கட்டுக்க வெச்சியே, அதுதான் பிழை."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கு வர இருந்த பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப் போனது.

வேலையில் அதற்குப் பிறகு நான் பிழை விடவில்லை. வினை வேறு பக்கத்தால் வந்தது. லீவில் ஊருக்கு வர விமானம் ஏறும்போதெல்லாம் எனக்கு நடுக்கம் பிடித்தது. உயரத்துக்குப் பயமில்லை. மேலே ஓட்டுகிறவரிடமும் பயமில்லை. கீழே நிற்கிறவனிடம்தான் பயம். அவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத்தானே தெரியும்; அவன் நான். ஆணியைக் கழற்றினானா, பொக்கட்டில் இருந்ததைக் காட்டினானா? இருக்கையில் கட்டுண்டு கிடக்கிறவனுக்கு அதைப் பார்க்க வழியில்லை. பெல்ட்டை இறுக்கி, கண்ணை மூடி, மண்டூர் முருகனுக்கு நான் வைத்த நேர்த்திகளை எண்ணினால் அவரே போதும் என்று சொல்லியிருப்பார்.

முழங்கால் வேலை செய்ய மறுத்ததும் நாவற்குடா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இனி விமானமே ஏறத் தேவையில்லை என்ற நிம்மதி. அது கொஞ்ச நாள்தான். எங்கள் ஒரே மகள் துர்க்கா கலியாணம் கட்டி மெல்பேர்னில் இருந்தாள். பிள்ளைப்பேறுக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டாள். போனோம். அதாவது கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் இரண்டு பேரும் போனோம்.

ஏறும் வாயிலில் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது என் பிழை. கீழே எங்கள் விமானத்துக்குக் கிட்ட நின்ற ஓர் ஆள் எதையோ எடுத்துப் பொக்கட்டுக்குள் வைத்தார். லேஞ்சியாக இருக்கும். வெயிலுக்கு முகம் துடைத்துவிட்டு வைத்திருப்பார். ஆனால் என் கால் என்னிடம் கேட்காமலே எழும்பிக் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டது.

கடைசி அழைப்பு. வெளியே மலரின் குரல்.

"இஞ்சேருங்க, வாறீங்களா, இல்லியா?"

"வயித்துக் குழப்பமா இரிக்கி புள்ள."

"அது வயிறு இல்ல எண்டு எனக்குத் தெரியும். வாறீங்களா?"

கதவின் பூட்டு இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

"சரி. நான் போறன். அங்க புள்ள தனிய" என்றாள். பாட்டாச் செருப்புச் சத்தம் தூரப் போனது.

எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் தனியாக மட்டக்களப்புக்குத் திரும்பி வந்தவன், பேத்தி பிறந்ததை நாவற்குடாச் சந்திக் கடையில் பாண் வாங்கிக்கொண்டு நிற்கும்போது தொலைபேசியில் கேட்டேன். மீரா என்று பெயர் வைத்தார்கள். மலர் அங்கே ஐந்து மாதம் நின்றாள்.

அந்த ஐந்து மாதத்தில்தான் சிமுலேட்டர் வந்தது. "அப்பா, பயமெண்டா நீங்களே ஓட்டிப் பழகுங்க" என்று துர்க்கா பாதிக் கோபத்திலும் பாதிச் சிரிப்பிலும் சொன்னாள். அவள் விட்டுப்போன கம்பியூட்டர் துணி போர்த்திக் கிடந்தது. காத்தான்குடியில் ஒருவரிடம் பழைய ஜோய்ஸ்டிக் வாங்கினேன். முதல் வாரம் முழுக்க வாவிக்குள் விழுந்தேன். அத்தனை தரம் விழுந்தும் சட்டை நனையவில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பிறகு பிடித்துக்கொண்டது. சின்ன விமானத்தில் ஏறி, கல்லடிப் பாலத்தைத் தாண்டி, வாவி கைவிரலைப் போலப் பிரிந்து பிரிந்து தெற்கே மண்டூர் வரை போவதை மேலே இருந்து முதல் முறை பார்த்த அன்று சாப்பிட மறந்தேன். கம்பியூட்டருக்கு எங்கள் ஊர் சரியாகத் தெரியாது. என் வீட்டு வளவில் தென்னைக்குப் பதிலாக ஏதோ குளிர்தேசத்து மரம் நிற்கும். மண்டூர்க் கோயில் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டு வீடு நிற்கும். ஆனாலும் வாவியின் வளைவு பிழையில்லை. பதினெட்டு வருடம் பின்னுக்கே போனவன் முன்னுக்குப் போவது எப்படி இருக்கும் என்று ஐம்பத்தாறு வயதில் கண்டுபிடித்தேன்.

ஒரே ஒரு குறை. பொத்தானை அமர்த்தினால் எங்கிருந்தோ ஒரு வண்டி முளைத்து வந்து விமானத்தைத் தள்ளிவிட்டு மறைந்துவிடும். யாரும் ஆணி காட்டுவதில்லை. அது இல்லாமல் எனக்குக் கிளம்ப முடியவில்லை. ரிபன் கட்டிய ஸ்க்ரூட்ரைவரை அலுமாரிக் கண்ணாடி முன் நின்று நானே எனக்குக் காட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்த ஆளை நம்ப முடியவில்லை.

மலர் வந்ததும் வேலை அவளுக்குப் போனது. "சோறு இறக்கோணும், கெதியாப் பாருங்க" என்று ஒரு கையில் அகப்பையும் மறு கையில் ரிபனுமாக வாசலில் நிற்பாள். நான் திரைக்கு முன்னால் இருந்து கையசைப்பேன். "கூத்து" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஆனாலும் ஒரு நாளும் காட்டாமல் விட்டதில்லை.

மாதத்துக்கு ஒரு முறை பெரிய விமானத்தில் மெல்பேர்னுக்குப் போனேன். வேகம் கூட்டுகிற பொத்தானைத் தொட மாட்டேன். பத்து மணித்தியாலம் என்றால் பத்து மணித்தியாலம். விடிய ஐந்து மணிக்கு ஏறி, கடலுக்கு மேலே தேத்தண்ணி குடித்து, சோறு தின்று, பின்னேரம் மூன்று மணிக்கு இறங்குவேன். இறங்கும் முன் மகளின் வீடு இருக்கும் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றுவேன். அங்கேயும் கம்பியூட்டர் தானாக நட்டு வைத்த வீடுகள்தான், எல்லாம் ஒரே மாதிரி. இதில் ஒன்றுக்குள் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு வாயிலில் கொண்டு போய் நிறுத்துவேன். எஞ்சினை அணைப்பேன். அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. என் சிமுலேட்டரில் விமானத்தை விட்டு இறங்கிப் போக வழி இல்லை. பதினொரு தடவை மெல்பேர்ன் போனவன், பதினொரு தடவையும் கதவு திறக்காமல் நாவற்குடாவில் எழும்பிக் கால் கழுவினேன்.

மீராவுக்கு இரண்டு வயது. துர்க்கா அவளுக்கு ஒரு சிவப்பு ரிபன் கொடுத்து, வீடியோவில் எனக்குக் காட்டப் பழக்கியிருந்தாள். கடைசித் தடவை மலர் சின்னவளுக்கு வேலையை விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை ரிபனைத் தலைக்கு மேல் தூக்கினாள். நான் கையசைத்தேன்.

"அம்மப்பா எங்க போறார்?" என்று துர்க்கா அவளைக் கேட்டாள்.

"மீராட்ட."

"ஓம் மனே, வாறன்" என்றேன், யோசிக்காமல்.

பின்னேரம் இறங்கி எஞ்சினை அணைக்கும்போது தொலைபேசி அடித்தது. அங்கே அப்போது இரவு.

"அப்பா, என்ன சொல்லி வெச்சிரிக்கிறீங்க இவளுக்கு?" துர்க்காவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "விமானம் வந்திட்டுது எண்டு சொன்னன். சப்பாத்தையும் போட்டுக்கொண்டு கதவடியில போய் இரிக்காள். படுக்க வாறாளில்ல."

திரையில் என் விமானம் மெல்பேர்னில் நின்றது. மலர் என்னைப் பார்க்கவில்லை. எழும்பிப் போய் அலுமாரிக்குள் இருந்த என் பாஸ்போட்டை எடுத்து வந்து கீபோட்டுக்கு மேலே வைத்தாள். வாய் திறந்து ஏதும் சொல்லியிருந்தால் ஏதாவது பகிடி விட்டுத் தப்பியிருப்பேன்.

புறப்படும் முன் புஹாரி நானாவைத் தொலைபேசியில் பிடித்தேன். அவரும் இப்போது ஏறாவூரில் ஓய்வில்.

"இடப் பக்கம் ஜன்னல் எடு தம்பி" என்றார். "நம்மட ஆக்கள் கப்டன்ட பக்கம்தான் காட்டுவாங்க. கண்ணால பாத்திட்டா உனக்கு அந்த நடுக்கக் குலைப்பன் விட்டிரும்."

கோலாலம்பூர் வழியாகப் பயணம். முதல் விமானம் சின்னது, நடுவே ஒரு வழி, இரண்டு பக்கமும் மூன்று மூன்று இருக்கை. காலை வெயில். இடப் பக்க ஜன்னலில் நான், பக்கத்தில் மலர், அவளுக்கு அங்கால் யாரும் இல்லை. இந்த முறை கழிவறைப் பக்கமே போகவில்லை. மலர் என் பாஸ்போட்டைத் தன் கைப்பைக்குள் வைத்திருந்தாள்.

தள்ளினார்கள். நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். நின்றது. தண்டு கழன்ற சின்ன அதிர்வு காலுக்குத் தெரிந்தது. இனி ஆள் வர வேண்டும். வரவில்லை. தள்ளிய வண்டியும் என் பக்கத்தால் திரும்பிப் போகவில்லை. அன்றைக்கு வலப் பக்கம் காட்டுகிறார்கள்.

"மலர், நான் இறங்கப் போறன்."

"எங்க இறங்கிற? பேசாம இரிங்க."

"அங்கால ஜன்னலடியில இரிக்கிற புள்ளயிட்டக் கேளு. வெளியில ஒராள் நிக்கிறாரா எண்டு."

வழிக்கு அந்தப் பக்கம் ஜன்னலோரம் முக்காடு போட்ட ஓர் இளம் பெண் இருந்தாள். மலர் காலியான இருக்கைக்கு மேலே சாய்ந்து, "தங்கச்சி, வெளியில ஒராள் நிக்கிறாராம், பாருங்க" என்றாள்.

"ஓம் மாமி, நிக்கிறார். கையத் தூக்கிப் புடிச்சிரிக்கார்."

"கையில என்ன எண்டு கேளு" என்றேன்.

"சிவப்பா ஒரு ரிபன் மாதிரித் தொங்குது" என்றாள் பெண், மலர் கேட்கும் முன்பே.

"ஒண்டா, ரெண்டா எண்டு கேளு."

"என்ன ஒண்டு, ரெண்டு?"

"கேளு புள்ள."

மலர் கேட்டாள். அந்தப் பெண் திரும்ப ஜன்னலுக்குள் குனிந்து, வடிவாகப் பார்த்தாள். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரம் ஒன்று இல்லை, இரண்டு ஆணியோடு வெயிலில் நின்ற நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"ஒண்டுதான் மாமி. மற்றக் கை சும்மா இரிக்கி."

மலர் என் பக்கம் திரும்பினாள். "ஒண்டுதானாம். இனி மூச்ச விடுங்க."

விமானம் நகர்ந்தது. கொஞ்சத் தூரம் நேரே போனது. பிறகு முன் சக்கரம் திரும்பியது. வெயில் என் முகத்தை விட்டு நழுவி மலரின் மடிக்குப் போனது. கிறுகிவிட்டது.

"நான் அவருக்குக் கை காட்டினன், மாமி" என்று அந்தப் பெண் சிரித்தாள். "அவர் என்னப் பாக்கவே இல்ல."

பார்க்க மாட்டார். விமானியின் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது நானாவின் இன்னொரு சட்டம். பதினெட்டு வருடத்தில் நானும் ஒரு நாள்கூட அதற்குப் பின்னால் வரிசையாக இருக்கும் சின்ன ஜன்னல்களைப் பார்த்ததில்லை. எத்தனை பேர் எனக்குக் கை காட்டியிருப்பார்களோ தெரியாது. ஓடுபாதைக்குப் போய்ச் சேரும்வரை, வெளியே யாரும் இல்லாத என் பக்கத்து ஜன்னலில் நான் கையை அசைத்துக்கொண்டே இருந்தேன். மலர் அதைத் தடுக்கவில்லை.